ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை

அன்புள்ள தம்பி,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மூன்று வாரமாக நீ வீடியோ போடாமலே பேசுகிறாய், நெட் சரியில்லை என்கிறாய். அமெரிக்காவில், டூசானில் நெட் சரியில்லாமல் போகுமா என்று உன் அம்மாதான் கேட்டாள், நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடு. வெறும் வயிற்றோடு இருக்காதே.

நான் எழுத வந்தது சினிமா விஷயம். போன நவம்பரில் ஓல்ட் டூசானுக்குக் கூட்டிப்போனாயே, கள்ளிக்காட்டு நடுவே அந்த சினிமாத் தெரு, அங்கே எடுத்த 'ரியோ பிராவோ'வை இந்த மாதம் மட்டும் நான்கு தடவை பார்த்துவிட்டேன். ரீகல் டாக்கீஸ் பெஞ்சில் கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவன் நான். அப்போதெல்லாம் யார் முதலில் சுடுகிறான் என்பதுதான் கணக்கு. இப்போது பொழுது போகாமல் அந்தப் படம் எப்படி உருவானது என்று தேடித்தேடிப் படிக்கிறேன்.

டைரக்டர் ஹோவர்ட் ஹாக்ஸ். 1955ல் அவர் எடுத்த எகிப்து படம் விழுந்துவிட்டது. மனுஷன் ஐரோப்பாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார், சில வருஷம் படமே இல்லை. 1958 கோடையில், 62 வயதில், அரிசோனா வெயிலில் திரும்ப வந்து நிற்கிறார். நான் அந்த வயதில் ஈஸிசேரை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டாயிற்று. டைட்டிலில் கதை என்று பி.ஹெச். மெக்கேம்பெல் பெயர் வரும், அது அவருடைய மகள் பார்பரா. கடைசிச் சண்டையில் டைனமைட் எறிகிற யோசனை அவள் கொடுத்ததாம். விழுந்து எழுந்த அப்பனுக்குப் பிள்ளை கை கொடுத்தது என்று வைத்துக்கொள். நீயும் கொடுத்தவன்தான். வீட்டுக் கடனை நீ அடைத்ததை இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் எடுக்காமல் இருப்பதையும் சேர்த்துச் சொல்லலாம், சொல்வதில்லை.

சரி, படத்தில் குடிகாரனாக வருகிற டீன் மார்ட்டின். அவன் பாடகன். பத்து வருஷம் ஜெர்ரி லூயிஸோடு ஜோடி போட்டுக் காமெடி. 1956ல் பிரிந்தார்கள், தனியாக நடித்த முதல் படம் ஓடவில்லை, இனி இவன் அவ்வளவுதான் என்று ஊர் பேசியது. ஹாக்ஸ் அவனைக் காலையில் 9.30க்கு வரச் சொன்னாராம். அவன் முந்தின ராத்திரி லாஸ் வேகாஸில் கச்சேரி முடித்து, தனி விமானம் பிடித்து வந்து நின்றான். இவ்வளவு சிரமப்பட்டு வருகிறவன் வேலை செய்வான் என்று ஹாக்ஸ் உடனே எடுத்துக்கொண்டார். முதலில் அவன் போட்டு வந்தது பாட்டுப் படத்துக் கௌபாய் மாதிரி மினுமினுப்பான உடை. எனக்கு வேண்டியது குடிகாரன் என்று திருப்பி அனுப்பினார். அடுத்து அவன் எதைப் போட்டுக்கொண்டு வந்தானோ அதுதான் படத்தில் இருக்கிறது. பேட்டிகளில் ஹாக்ஸே சொன்ன கதை இது.

கூடவே ரிக்கி நெல்சன், அன்றைய பள்ளிக்கூடப் பெண்களின் பாடகன். அவனுக்கு 18 வயது நிறைந்தது ஷூட்டிங்கின்போதுதான், படத்தின் ஹீரோ ஜான் வெய்னும் மார்ட்டினும் ஒரு மூட்டை மாட்டுச்சாணி பரிசு கொடுத்து அவனை அதிலேயே தூக்கிப் போட்டார்களாம். இரண்டு பாடகர்களை வைத்துக்கொண்டு பாட்டு இல்லாமல் விடமுடியுமா, ஜெயிலுக்குள் பாடுகிறார்கள். அந்த மெட்டு 1948ல் ஹாக்ஸ் எடுத்த 'ரெட் ரிவர்' படத்துக்கு இசையமைப்பாளர் டியோம்கின் போட்டதே, வார்த்தை மட்டும் புதிது.

எனக்குப் பாட்டு பெரிதில்லை. முதல் சீனைப் பார். மூன்று நான்கு நிமிஷம் யாரும் பேசவே மாட்டார்கள். மார்ட்டின் பின்கதவு வழியாகச் சாராயக்கடைக்குள் வருகிறான், கையில் காசில்லை. ஒருத்தன் சிரித்துக்கொண்டே வெள்ளிக்காசை எச்சில் படிக்கத்துக்குள் போடுகிறான். இவன் குனிகிறான். ஜான் வெய்ன் அதை எட்டி உதைக்கிறான். காப்பாற்ற வந்தவனையே பின்னாலிருந்து கட்டையால் அடிக்கிறான் இவன். நான்கு தடவையும் அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம், குடித்துக் கிடந்த காலத்தில் அவன் விற்ற துப்பாக்கிகளை ஜான் வெய்ன் மீட்டுப் பத்திரமாக வைத்திருப்பான். அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருந்த கைக்கடிகாரம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசிக்குச் சற்று முன்னால் அவன் திரும்பவும் குடிக்கத் துணிந்து டம்ளரில் ஊற்றிவிடுவான். வெளியே எதிராளிகள், ஒருத்தனையும் உயிரோடு விடமாட்டோம் என்று அர்த்தம் வருகிற ஊதுகுழல் ராகத்தை வாசிக்கிறார்கள். அதைக் கேட்டவன் ஊற்றியதைத் திரும்பப் புட்டிக்குள் ஊற்றுகிறான். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. உன் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டது நான்தான். கனமாக இருந்தது. அவ்வளவுதான்.

சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடி என்கிறேன் அல்லவா, அது அம்மா எனக்குச் சொன்னது. நான் எப்படி நிறுத்தினேன் என்று கல்யாண வீடுகளில் கதை சொல்வேனே, வைகை ஆற்றில் புட்டியை வீசினேன், அன்றோடு சரி என்று. அது பொய். அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஓடியது.

நீ ஆறாவது படிக்கும்போது சைக்கிளுக்குக் காசு சேர்த்த மண் உண்டியல், சித்திரைத் திருவிழாவில் வாங்கியது. பூனை தள்ளிவிட்டது என்றோம். காசு குறைகிறது என்று நீ அழுததும் பாத்திரம் துலக்க வந்த அக்காவை வேலையை விட்டு நிறுத்தினோம். தம்பி, உடைத்தது நான். அந்தச் சில்லறையைக் கடையில் கொட்டியபோது பின்னால் நின்றவன், 'உண்டியலை உடைச்சிட்டியாண்ணே' என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அந்த அக்கா வாசலில் நின்று சாமி சத்தியம் பண்ணினாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போதே தெரியுமா? பல வருஷமாகக் கேட்க நினைத்தது இதுதான்.

அந்த அக்கா குடும்பம் இப்போது திருப்புவனம் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கே கூப்பிடு. வீடியோ போடு. முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, போடு.

அப்பா