ஜிம்மிக்கும் ஒரு கூபே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ‘செல்லங்களோடு கோடைப் பயணம்’ கட்டுரையைப் படித்தேன். நாய் வைத்திருப்பவர்களுக்கு ரயில்தான் சுலபம், முதல் வகுப்பு ஏசியில் டிக்கெட் எடுத்தால் கூடவே கூட்டிப் போகலாம் என்று இரண்டே வரியில் முடித்திருந்தார் கட்டுரையாளர். விதிப்புத்தகத்தின்படி சரிதான். அந்த விதியை நம்பி வீட்டைக் காலி செய்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

2024 மே மாதம். ஓய்வு பெற்று, சென்னை வாடகை வீட்டை விட்டுவிட்டு, சொந்த ஊரான பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். நான், மனைவி, அப்புறம் ஜிம்மி. ஜிம்மி உயர்ந்த ஜாதி நாய் ஒன்றும் இல்லை. தெருவில் கிடைத்த கறுப்புக் குட்டி, இப்போது 14 கிலோ. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கும் முதல் வகுப்பு ஏசி எடுத்தேன். ஒரு வாரம் முன்பே, கூபே என்னும் இரண்டு பேர் தனியறையை ஒதுக்கித் தரும்படி மனு எழுதி, தடுப்பூசிப் புத்தகத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன்.

இந்த இடத்தைத்தான் கட்டுரையாளர் விளக்கியிருக்க வேண்டும். முதல் வகுப்பு ஏசியில் 4 பேருக்கான கேபின்களும் 2 பேருக்கான கூபேக்களும் உண்டு. கூபேயோ கேபினோ முழுவதும் நம் கையில் இருந்தால் மட்டுமே நாயை உள்ளே சேர்ப்பார்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது எந்த அறை என்று சொல்ல மாட்டார்கள். இடம் உறுதி என்று மட்டும் வரும். அறை எது என்பது சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல், போடும்போதுதான் தெரியும். அப்போதெல்லாம் ரயில் கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்புதான் சார்ட். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரம் ஆக்கினார்கள். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் லாட்டரி லாட்டரிதான்.

எங்களுக்கு விழவில்லை. 4 பேர் கேபினில் இரண்டு இடம் கிடைத்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று, சாமான் லாரி முதல் நாளே போய்விட்டது. திரும்பிப் போக வீடு இல்லை. கவுண்டரில் இருந்தவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக் பாக்ஸ்தான் சார் வழி” என்றார். பார்சல் ஆபீசில் மருத்துவரின் தகுதிச் சான்றிதழைக் காட்டி, லக்கேஜ் கணக்கில் சொற்பப் பணம் கட்டினேன். தந்த சீட்டில் ‘நாய் – 1’ என்று எழுதியிருந்தது.

டாக் பாக்ஸ் என்பது ரயிலின் கோடியில், கார்டு இருக்கும் பெட்டியில், தரையோடு தரையாக இருக்கும் இரும்பு அறை. சின்ன பீரோ ஒன்றைப் படுக்கப் போட்டது போல இருக்கும். காற்றுக்குக் கம்பிக் கதவு. மே மாத வெயிலில் பகலெல்லாம் காய்ந்த இரும்பு, ராத்திரி எட்டு மணிக்கும் கையை வைக்க முடியவில்லை. மனைவியின் பழைய புடவையை நாலாக மடித்து உள்ளே விரித்தேன். ஜிம்மி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வரப் பார்த்தான். கதவைச் சாத்தினேன். குரைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

எங்கள் பெட்டி முன்பக்கம், அவன் கடைசியில். விழுப்புரத்தில் தண்ணீர் பாட்டிலும் எவர்சில்வர் கிண்ணமுமாக இறங்கி ஓடினேன். நடுவில் பதினைந்து பெட்டிகள். ஒன்று 22 மீட்டர் என்று வைத்தாலும் 330 மீட்டர். அறுபது வயதுக்காரன், ராத்திரியில், டீக்காரர்களையும் டிராலிகளையும் தாண்டி ஓட வேண்டும். பாதி தூரத்தில் ரயில் நகர்ந்துவிட்டது. கிடைத்த பெட்டியில் தொற்றி ஏறி, உள்வழியாக நடந்து திரும்பி வந்தேன். திருச்சியில் வண்டி சற்று அதிகம் நின்றது. கார்டு தாமாகவே டார்ச் அடித்துக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். இப்போது அவர்களுக்கு ரயில் மேலாளர் என்று பெயர், என் வாயில் இன்னும் கார்டுதான் வருகிறது. ஜிம்மி பாதிக் கிண்ணம் குடித்தான், மீதியைத் தட்டிவிட்டான். “சீக்கிரம் சார், சிக்னல் விழுந்துட்டுது” என்று கார்டு சொன்னதில் கடுமை இல்லை.

ஊருக்கு வந்த பிறகு இதுபற்றி என்ன சட்டம் இருக்கிறது என்று தேடினேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் 1978-இல் விலங்குகளைக் கொண்டு செல்வதற்கான விதிகள் வந்தன. நாய், பூனையை 6 மணி நேரத்துக்கு மேல் ரயிலில் கொண்டு போனால் கூடவே ஓர் ஆள் போக வேண்டும், வழியில் எல்லா நிலையங்களிலும் அவர் அவற்றிடம் போய்த் தீனியும் தண்ணீரும் கொடுக்க வசதி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். யாரோ நாய் வளர்த்தவர்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் ரயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எந்த ஆள் போய் வர முடியும்?

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நாய் என்றாலே நடுங்குகிறவர்கள் உண்டு, முடி பட்டால் மூச்சு இரைக்கிறவர்கள் உண்டு. பையில் ஒரு பழைய பேப்பர்கூட வைத்துக்கொள்ளாமல் நாயோடு கிளம்பும் கனவான்களை நானே பார்த்திருக்கிறேன். எல்லாப் பெட்டியிலும் நாயை விடு என்று நான் கேட்கவில்லை. கதவு சாத்திய கூபேயில் போனால் யாருக்கும் தொல்லை இல்லை. அதைத்தான் டிக்கெட் எடுக்கும்போதே உறுதி செய்து கொடுங்கள் என்கிறேன். ‘நாயுடன் பயணம்’ என்று ஒரு கட்டம் போதும். கூடுதல் கட்டணம் வைத்தாலும் கொடுக்கத் தயார். கூபே இல்லையென்றால் அப்போதே இல்லை என்று சொல்லட்டும், வேறு தேதி பார்த்துக்கொள்வோம். நாய், பூனைக்கு இணையத்திலேயே முன்பதிவு கொண்டுவரும் யோசனை இருப்பதாக 2023-இல் செய்தி வந்தது. லக்கேஜ் சீட்டை இணையத்தில் கொடுத்து என்ன பயன், அறை எது என்று கடைசி நேரத்தில்தான் தெரியும் என்றால்?

கட்டுரையில் இன்னொன்று. நீண்ட பயணத்துக்கு முன் தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே நின்றுவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் யாரும் கொடுக்க வேண்டாம்.

காலையில் திருநெல்வேலியில் கம்பிக் கதவைத் திறந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஜிம்மி வெளியே வரவில்லை. புடவை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது, இன்னொரு மூலையில் அவன். மனைவி குனிந்து கையை நீட்டிய பிறகுதான் வந்தான். பிளாட்பாரத் தூணில் வெகுநேரம் ஒன்றுக்குப் போனான். பிறகு என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான். போர்ட்டர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வருகிற ஆவணியில் சென்னையில் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறோம், மனைவிக்கு. மாமா ஏன் வரவில்லை என்று மண்டபத்தில் கேட்பார்கள். என்ன சொல்வது என்று இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை