ஞாயிற்றுக்கிழமை நாடகம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். நம் பிள்ளைகளின் இசை நாடகம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பள்ளி மைதானத்தில் நடைபெறும். எப்போதும் வெள்ளிக்கிழமை நடக்கும் ஆண்டு விழாவை இந்த முறை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். நாடகத்தின் கதையே அதற்குக் காரணம்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடியில் கோரல் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்த வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பவை அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். பெரியவர்களோடு சிறுவர்களும் அந்த ஆலையில் உழைத்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊர்மக்களும் கைவிடவில்லை. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வழக்கறிஞருக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டுப் போனாராம் ஒரு சவரத் தொழிலாளி. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்தக் காட்சியில் நடிப்பதைப் பாருங்கள். ஒத்திகையில் நானே எழுந்து கைதட்டிவிட்டேன். ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஓய்வு நாளும் கிடைத்தது. சில நாள்களிலேயே, மார்ச் 12 அன்று, தலைவர்கள் கைதானார்கள்.

வ.உ.சி. என்றால் நம் பிள்ளைகளுக்குக் கப்பல் தெரியும், கோவைச் சிறையின் செக்கு தெரியும். இடையில் இருக்கும் இந்த ஒன்பது நாள்கள் தெரியாது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அது தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருந்தது.

வேலைநிறுத்தம் என்று பிள்ளை மேடையில் பாடினால் எஸ்டேட்டில் என்ன நினைப்பார்களோ என்று ஒரு தந்தை என்னிடம் தயங்கிக் கேட்டார். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இது சுதந்திரப் போராட்ட வரலாறு. ஒளித்துப் படிக்க வேண்டியதன்று. தோட்டத் தொழிலாளிக்கு வார ஓய்வு உண்டு என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் அரை நாள் கூலியை இழந்து இந்த நாடகத்தைப் பார்க்க வருவது முறையாகாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை.

பாடல்களைப் பிள்ளைகளே எழுதினார்கள். மெட்டுகளில் இரண்டு, இலங்கையிலிருந்து திரும்பி வந்து கோத்தகிரியில் குடியேறிய ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்தவை. மலையகத் தோட்டத்தில் அவருடைய அம்மா பாடியவையாம். மூன்று மாலைகள் பள்ளிக்கு நடந்தே வந்தார். அவருக்கும் மற்றப் பாட்டி தாத்தாக்களுக்கும் முன்வரிசை ஒதுக்கியிருக்கிறோம்.

ஒத்திகை தினமும் 5 மணிக்கு முடிகிறது. கரடி நடமாட்டம் இருப்பதால் தோட்டக் குடியிருப்பான லைன் வீடுகளுக்குப் போகும் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டோம்; யாராவது ஒருவர் வந்து அழைத்துச் செல்லுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர்களை நாடகத்தில் சேர்க்கவில்லை.

பழைய வேட்டி, சாயம் போன சேலை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். ஆலைத் தொழிலாளர் வேடத்துக்கு இன்னும் பன்னிரண்டு பேருக்கு உடை வேண்டும். மாலையில் பனி இறங்கும், கம்பளி எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்