செஷல்ஸின் மாஹே தீவில் இருக்கும் மகளுக்கு

ராஜபாளையம்

அன்புள்ள கயலுக்கு,

தவளைப் படம் வந்தது. கூடவே இரண்டு வரி எழுதியிருக்கலாம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "முதுகில் என்ன, சேறா?" என்றாள். தலைப்பிரட்டைகள் என்றேன். அதற்குப் பிறகு போனைக் கீழே வைக்கவே இல்லை.

இரண்டு சென்டிமீட்டர் தேறுமா அந்தத் தாய்? ஈரத் தரையில் சருகு மறைவில் முட்டையிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்கும். பொரிந்தவை தண்ணீரைத் தேடுவதில்லை. தாயின் முதுகில் ஏறி, இரைகூடத் தின்னாமல் முட்டையின் மஞ்சள் கருச் சத்திலேயே வளர்ந்து, குட்டித் தவளையான பிறகுதான் இறங்கும். இத்தனை வருடம் விலங்கியல் நடத்திய நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்தது. நீ நேரில் கண்டுபிடித்திருக்கிறாய். பழைய மாணவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன், கோபிக்காதே.

இந்த செஷல்ஸ் தவளைக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளைதான். அதில் ஓர் இனத்தை 2017-இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்தே விவரித்தார்கள். அந்தத் தீவுகளும் இந்தியாவும் பிரிந்து 6 கோடி வருடத்துக்கு மேலாகிறது.

சரி, மலைக்கு யாருடன் போகிறாய்? விஷப் பாம்பு இல்லை என்கிறாய். பாறை வழுக்காதா? மார்ச் வரை அங்கே மழைக்காலம். தனியாக ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மலையிலேயே இருந்தால் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? மாப்பிள்ளை வெளியே சாப்பிட்டுக்கொள்கிறாரா? அவர் குரலைக் கேட்டு நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும்.

பொங்கலன்றுகூட நீ கூப்பிடவில்லை. அம்மா சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். விக்டோரியா பிள்ளையார் கோயில் தைப்பூசக் காவடிக்குப் போனாயா? இரண்டு பேரும் போனீர்களா? போன வருடம் படம் அனுப்பினாய்.

சித்தி பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் வாய் அப்படித்தான். மேல் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் நோட்டுகள், மைக்ரோஸ்கோப் எல்லாம் அங்கேயே இருக்கின்றன, யாரையும் தொடவிடவில்லை.

மழை நேரத்தில் பாறைப் பக்கம் போகாதே. வெள்ளிக்கிழமை கூப்பிடு, அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், நான் மட்டும்தான் இருப்பேன். லீவு கிடைத்தால் வா. இரண்டு பேராகத்தான் வரவேண்டும் என்றில்லை. தனியாக வந்தாலும் வா. தெருவில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட் பணத்தை உன் கணக்கிலேயே போட்டுவிடுகிறேன், பழைய வங்கிக் கணக்கில், உன் பெயர் மட்டும் இருக்கிறதே, அதில்.

அப்பா