கேப் கனாவரலிலிருந்து குலசைக்கு

டைட்டஸ்வில், ஃபுளோரிடா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததும், தங்கச்சிக்கு முழங்கால் வலி மட்டுப்பட்டதும் படித்து நிம்மதியானோம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியதும் நான் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். இந்தியன் ரிவர் என்று பெயர். அக்கரையில் கென்னடி விண்வெளி மையம், அதற்குத் தெற்கே கேப் கனாவரல் தளங்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமான ஷாரில் ஆயுளைக் கழித்தவனுக்கு வேறென்ன வேண்டும்!

“வாரத்துக்கு ரெண்டு ராக்கெட் போகுதாமே, நிஜமா?” என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். ஈஸ்டர்ன் ரேஞ்ச், அதாவது கிழக்கு ஏவல் களம், என்று இவர்கள் சொல்லும் இந்தக் கரையிலிருந்து 2022இல் 57, 2023இல் 72, 2024இல் 93 ஏவல்கள். 2025இல் நூறைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் வருடத்துக்கு 48 என்பதையே பெரிய இலக்காக வைத்து இந்த ரேஞ்ச் வேலை செய்தது. பெரும்பாலானவை ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9. அதிலும் பாதிக்கு மேல் அவர்களுடைய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ராக்கெட்டின் அடிப்பகுதியான பூஸ்டர் கரைக்கே திரும்பி வந்து இறங்கும் நாட்களில், ஏவிய எட்டாவது நிமிடம் இடி மாதிரி ஒரு சத்தம் கேட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். பக்கத்து வீட்டு நாய் மட்டும் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். மனிதர்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கும் முதலில் கேள்வி. நம் காலத்தில் ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் என்றால் ரேடார், டெலிமெட்ரி (வண்டி அனுப்பும் தகவலைப் பெறுவது), வானிலை, தீயணைப்பு என்று ஷார் முழுக்க அந்த ஒரு வண்டிக்காக நின்றது. இங்கேயும் அப்படித்தான் இருந்தது. தரையில் ஆள் உட்கார்ந்து ரேடாரைப் பார்த்து, தடம் மாறினால் வண்டியை அழிக்க டெஸ்ட்ரக்ட் கமாண்ட் கொடுக்க வேண்டும். 2010 கிறிஸ்துமஸ் அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 தறிகெட்டபோது 64ஆவது வினாடியில் அந்தக் கமாண்ட் போனது உனக்கு மறந்திருக்காது. அந்த ஒரு முடிவை எடுப்பவருக்குச் சரியான தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ரேடாரும், அத்தனை கேபிளும், அத்தனை ஒத்திகையும்.

அந்த வேலையை இங்கே ராக்கெட்டிடமே கொடுத்துவிட்டார்கள். ஜி.பி.எஸ்.ஸும் அசைவை அளக்கும் ஜடத்துவ உணரிகளும் சொல்லும் இடத்தையும் வேகத்தையும் வைத்து, முன்கூட்டியே ஏற்றி வைத்த எல்லைக்கோடுகளோடு வண்டியின் கணினியே ஒப்பிட்டுப் பார்க்கும். கோட்டைத் தாண்டினால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 2017 பிப்ரவரி 19 அன்று விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன ஃபால்கன் 9 தான் முதன்முதலில் இதை முழுப் பொறுப்போடு பயன்படுத்தியது. அதற்குப் பிறகு ஓர் ஏவலுக்குத் தேவையான தரைக்கருவியும் ஆளும் வெகுவாகக் குறைந்தார்கள். ஒரு வண்டிக்காக ரேஞ்சைத் திருத்தி அமைத்து, அது போனதும் அடுத்ததற்கு மறுபடி மாற்றும் நாட்களும் மிச்சமாயின.

பழைய முறையின் கஷ்டம் தெரிய ஆர்ட்டெமிஸ் 1 நிலவுப் பயண ஏவல் ஒன்று போதும். 2022 நவம்பர் 16 நள்ளிரவு, நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட் எரிபொருள் நிரம்பி நிற்கிறது. ரேடார் நிலையத்திலிருந்து சிக்னல் வரவில்லை. தேடிப் பார்த்தால் பழுது ஓர் ஈதர்நெட் ஸ்விட்சில். எந்த அலுவலகத்து மூலையிலும் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்குமே, அதே சாதனம்தான். ரேஞ்சிலிருந்து ஆள் போய் அதை மாற்றிய பிறகுதான் கிளியரன்ஸ் கிடைத்தது. தரையிலிருந்து கமாண்ட் போக வேண்டிய வண்டி என்பதால் ரேடார் இல்லாமல் விட முடியாது. விடாமல் நின்றார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது “இன்னும் இல்லை” என்று சொல்வது ரேஞ்ச் சேஃப்டிக்காரனின் தலையாய வேலை.

தானியங்கி முறையால் இன்னொரு நன்மையும் விளைந்தது. நம் இருவருக்கும் பிடித்த விஷயம். 1960இல் இங்கிருந்து போன ஒரு தோர் ராக்கெட்டின் துண்டுகள் கியூபாவில் விழுந்து ஒரு பசு செத்தது, பெரிய அரசியல் தகராறு. 1969க்குப் பிறகு கேப் பக்கமிருந்து தெற்கே துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு யாருமே ஏவவில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று அர்ஜென்டினாவின் சாவோகாம் 1பி செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு ஃபால்கன் 9 அந்தப் பாதையை மறுபடி திறந்தது. தெற்கே போகும் வண்டியைத் தரையிலிருந்து கண்காணிப்பதில் இருந்த சிக்கலைத் தானியங்கி முறை தீர்த்துவிட்டது. இலங்கையைத் தவிர்க்க நம் பி.எஸ்.எல்.வி. எப்படி வளைந்து போய் எடைத்திறனை இழக்கிறது என்று நாம் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறோம்!

ஆனால் நண்பா, இந்தக் கருவி தீர்த்தது பாதிதான். எண்ணிக்கை கூடக்கூடப் பற்றாக்குறையாவது அக்கம்பக்கத்தாரின் நேரம். ஒரே கல்யாண மண்டபத்தில் காலையும் மாலையும் முகூர்த்தம் வைத்தால் சமையல்கட்டும் வாசலும் படும் பாடு இருக்கிறதே, அதுதான் இங்கே கடலுக்கும் வானத்துக்கும்.

கடலை எடுத்துக்கொள். ரேஞ்சுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் போர்ட் கனாவரல். உல்லாசக் கப்பல் போக்குவரத்தில் உலகிலேயே முன்வரிசையில் உள்ள துறைமுகங்களில் ஒன்று. 2022 ஜனவரி 30 அன்று ஓர் இத்தாலியச் செயற்கைக்கோளுக்கான ஏவல், கவுண்ட்டவுன் கடைசிக் கட்டத்தில் ஓர் உல்லாசக் கப்பல் அபாயப் பகுதிக்குள் இருந்ததால் நின்றுபோனது. மறுநாள்தான் கிளம்பியது. வருடத்துக்குப் பத்து ஏவல் என்றால் கப்பல்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மீன்பிடிப் படகுகளும் ஒதுங்கும். நூறு என்றால் அவர்கள் பிழைப்பும் கணக்கில் வர வேண்டுமல்லவா?

வானமும் அப்படித்தான். 2025 நவம்பரில் அமெரிக்க அரசு முடங்கி, விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையானபோது, காலை ஆறு முதல் இரவு பத்து வரை வணிக ஏவல்கள் கூடாது என்று விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. சில நாட்கள்தான் நீடித்தது. ரேஞ்சில் எல்லாம் தயாராக இருந்தும், கட்டுப்பாட்டு அறையில் ஆளில்லை என்பதால் பகல் முழுக்கக் கதவடைப்பு.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது பேட்டுக்குப் பக்கத்துப் பேட், அதாவது ஏவுமேடைகள் அடுத்தடுத்து இருப்பது. 37ஆம் தளத்தை ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டுக்காக மாற்றுகிறார்கள், வருடத்துக்கு 76 ஏவல் வரை என்பது திட்டம். 36இல் ப்ளூ ஒரிஜின், 41இல் யூ.எல்.ஏ. என்று வேறு நிறுவனங்கள். இந்த ராக்கெட்டுகளில் நிரப்பும் திரவ மீத்தேனும் திரவ ஆக்சிஜனும் அவ்வளவு பெரிய அளவில் சேர்ந்து வெடித்தால் என்ன வலு என்பதற்குப் போதிய சோதனைத் தரவு இல்லை. அதனால் முழு எடையையும் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாகப் பாவித்துப் பாதுகாப்பு வட்டம் போடுகிறார்கள். வட்டத்தைச் சுருக்க முடியுமா என்று சோதனைகள் நடக்கின்றன. அதுவரை ஒருவர் டேங்க் நிரப்பினால் வட்டத்துக்குள் இருக்கும் மற்றவர் ஆட்களை வெளியேற்ற வேண்டும். இரண்டு நிறுவனங்களும் வெளிப்படையாகவே கவலை தெரிவித்திருக்கின்றன. தரவு வரும்வரை பெரிய வட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அடுத்தவன் அட்டவணைக்காக வட்டத்தைச் சுருக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்?

செலவு விஷயமும் மாறியிருக்கிறது. முன்பு தனியார் நிறுவனங்களிடம் அந்தந்த ஏவலுக்கான நேரடிச் செலவை மட்டுமே ரேஞ்ச் வாங்க முடியும். ரோடு, மின்சாரம், பாலம் தேய்வதெல்லாம் அரசாங்கத்தின் தலையில். 2023 டிசம்பரில் வந்த சட்டம், மறைமுகச் செலவிலும் பங்கு கேட்க வழி செய்தது. நியாயமான ஏற்பாடு.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் குலசேகரப்பட்டினம் தளம் எழும்புவதுதான். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எஸ்.எஸ்.எல்.வி. சிறு ராக்கெட்டின் தயாரிப்பு அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.லுக்குப் போகிறது, தனியார் நிறுவனங்களும் வரிசையில் நிற்கின்றன. நேராகத் தெற்கே ஏவலாம், வளைய வேண்டாம். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் ஏவல் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவான காலத்திலேயே கடலோடு ஒப்பந்தம் முடிந்துவிட வேண்டும். கூடிய பிறகு உட்கார்ந்து பேசினால் கோபம்தான் மிஞ்சும்.

மணப்பாடு, ஆலந்தலை, அமலிநகர்ப் பக்கம் நாட்டுப்படகுதானே அதிகம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் ஏவிவிடலாம் என்று யாராவது சுலபமாகச் சொல்வார்கள். அந்தத் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு அந்த மாதங்களிலும் கடலுக்குப் போகும் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலில் கூடும் கூட்டமும், சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்கும் லட்சக்கணக்கான ஜனமும் ஏவல் நாட்காட்டியில் முதலிலேயே குறிக்கப்பட வேண்டும். ஏவல் தள்ளிப்போனால் கடலுக்குப் போகாமல் கரையில் காத்திருந்தவருக்கு அன்றைய கூலி யார் தருவது? இங்கே ஏவல் தள்ளிப்போவது அன்றாடம். ஒருமுறை தள்ளினால் மறுநாளும் கடலை மூட வேண்டும்.

நீ மீனவர் சங்கத்தாரோடு நெருங்கிப் பழகுகிறவன், ரேஞ்சின் பாஷையும் தெரிந்தவன். எந்தப் பருவத்தில் எந்தத் திசையில் எத்தனை பாக ஆழத்துக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை படகுக்காரர்களுக்கு விடும் அறிவிப்பின் மாதிரியைப் பிரதி எடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். அபாயப் பகுதியின் நான்கு மூலைகளும் நேரமும் எவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன பார். தமிழில் அதே மாதிரி ஒன்று நீயே எழுதி, இரண்டு மூன்று படகோட்டிகளிடம் படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டு எனக்கு எழுது. பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவோம். வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து சங்கத்தாரைப் பார்ப்போம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் நண்பன்