மின்னி மின்னிக் காட்டினால் கவனக்குறைபாடு ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கவனக்குறைபாட்டையும் (ஏடிஎச்டி) படைப்பாற்றலையும் வைத்துப் பரிசோதனைக் குறும்படம் எடுக்கும் டிஜிட்டல் கலைஞர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்கள் சிலரும் அந்த முயற்சியில் இறங்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் இத்தகைய படம் என்றாலே அரை நொடிக்கொரு வெட்டு, கறுப்பும் வெள்ளையுமாக மின்னும் திரை என்று ஒரு வழக்கம் படிந்துவிட்டது. அது ஆபத்தானது, கோளாறைப் பற்றித் தவறாகவும் சொல்கிறது.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு குழந்தைகள் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மின்னின. 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வலிப்பு, தலைச்சுற்றல், வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் ஒரு பிரேம் (அசையாத தனிப்படம்) வெள்ளை, ஒரு பிரேம் கறுப்பு என்று அடுக்கினால், நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் கிடைப்பதும் அதே 12 மின்னல்தான். நொடிக்கு 3 மின்னலுக்கு மேல் கூடாது என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் வரம்பு. அதாவது வெளிச்சமும் இருட்டும் சேர்ந்த ஒரு ஜோடி 8 பிரேமுக்குக் குறையக் கூடாது. பள்ளியில் திரையிடும் படமென்றால் 12 பிரேமுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. அடர்சிவப்பு மின்னல் வேண்டவே வேண்டாம். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. யாருக்காகப் படம் எடுக்கிறோமோ அவர்களுக்கே கேடு செய்துவிடக் கூடாது.

ஏடிஎச்டி என்பது கவனமே இல்லாத நிலை அல்ல. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் திணறும் நிலை. பிடித்த வேலையில் மூழ்கிச் சாப்பாட்டையே மறக்கும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். துறுதுறுவென்று ஓடாமல், ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்தபடி பாடத்தைத் தவறவிடும் பெண் குழந்தைகள் பலர் யார் கண்ணிலும் படுவதில்லை. வேகவெட்டுப் படம் இவர்களை இன்னொரு முறை மறைத்துவிடுகிறது.

இதை ஒலியால் சொல்வதே சரியான வழி என்பது எங்கள் கருத்து. வழக்கமான படத்தில் ஆசிரியர் குரல் மைனஸ் 18 டெசிபலில் (டிஜிட்டல் ஒலியில் பூஜ்யமே உச்ச அளவு) இருந்தால், மின்விசிறியின் கிரீச்சொலியை மைனஸ் 36-க்குத் தள்ளிவிடுவோம். மாறாக, ஒரே நீண்ட ஷாட்டை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் மற்றச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் குரலின் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள்: மின்விசிறி, பென்சில் சீவும் ஓசை, வெளியே ‘பென்னாகரம், ஒகேனக்கல்’ என்று கூவும் நடத்துநர். குரலைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் ஆசிரியர் மெதுவாகப் பேசுகிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். சம அளவுள்ள நான்கு ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் சுமார் 6 டெசிபல் ஏறும் என்பதால், குரலை மைனஸ் 18-க்கு மேல் வைத்துத் தொடங்கினால் உச்சத்தில் கரகரக்கக்கூடும். ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரே மைக்கில் பிடித்ததைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

காட்சியில் செய்வதானால், வீடியோ கோப்பை வேண்டுமென்றே உடைத்து ஒரு ஷாட்டை இன்னொன்றில் கரைக்கும் டேட்டாமோஷிங் பொருத்தமான உத்தி. சுருக்கப்பட்ட வீடியோவில் ஐ-பிரேம் முழுப் படத்தையும் வைத்திருக்கும். அடுத்து வருபவை எது எங்கே நகர்ந்தது என்பதையே பெரும்பாலும் வைத்திருக்கும். இரண்டு ஷாட்களை ஒட்டி, இரண்டாவதன் முதல் ஐ-பிரேமை மட்டும் நீக்கினால், புதிய ஷாட்டின் அசைவு பழைய ஷாட்டின் வண்ணத்தின் மேல் ஓடும். கரும்பலகையின் சாக்பீஸ் எழுத்துகள், ஜன்னலுக்கு வெளியே பறந்த காக்கையின் சிறகு போன வழியே இழுபட்டுக் கரையும். மனம் வெளியே போய்விட்டது, பாடம் இன்னும் கண்ணில் ஒட்டியிருக்கிறது என்பதை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இதற்கு இரண்டு ஷாட்களையும் ஒரே அளவிலும் ஒரே பிரேம் வேகத்திலும் எக்ஸ்விட் என்ற சுருக்க முறையில் ஏவிஐ கோப்பாக மாற்றி, முன்னும் பின்னும் உள்ள பிரேம்களைச் சார்ந்திருக்கும் இருதிசை பிரேம்களை (பி-பிரேம்) அணைத்து, ஐ-பிரேம் இடைவெளியை 300 பிரேம் அளவில் வைக்க வேண்டும். அவிடெமக்ஸ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளின் பழைய 2.5 பதிப்பில் அந்த ஒரு பிரேமை நீக்கலாம். சேமிக்கும்போது ‘காப்பி’ முறையே வேண்டும். மறுபடி என்கோட் செய்தால் (புதிதாகச் சுருக்கினால்) மென்பொருள் அந்த இடத்தில் புது ஐ-பிரேமைப் போட்டு விளைவைக் கெடுத்துவிடக்கூடும். உடைந்த கோப்பை ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்பதால், விளைவு சரியாக வந்த பிறகு சாதாரண எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி இல்லையென்றால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடக்கூடும். போன் பிரேம் வேகத்தைத் தானே ஏற்றி இறக்குவதால் ஒலி படத்தோடு ஒட்டாமல் நழுவக்கூடும். தொகுப்பதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஏடிஎச்டி இருந்தால் பிறவிக் கலைஞன் என்று முடிக்கும் படங்களும் வருகின்றன. அறிகுறிகள் ஓரளவு உள்ளவர்களிடம் ஒரு கேள்விக்குப் பல விடை தேடும் திறன் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கோளாறு உறுதிசெய்யப்பட்டவர்களிடம் அது தெளிவாகத் தென்படவில்லை. மாத்திரை கற்பனையைக் கொன்றுவிடும் என்ற வசனத்துக்கும் உறுதியான சான்று இல்லை. அதை நம்பி மருந்தை நிறுத்தினால் அவதிப்படுவது பிள்ளைதான்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. அங்கும் கல்லூரிப் போட்டிகளிலும் 3 மின்னல் வரம்பை விதிமுறையில் சேர்க்க வேண்டும். அரங்கை முழு இருட்டாக்காமல், பிள்ளைகள் எழுந்துபோய்த் திரும்பி வர அனுமதிக்க வேண்டும். படத்தின் முடிவில், 18 வயது வரையுள்ளோருக்கான ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுச் சிறார் நலத் திட்டப் பரிசோதனையில் ஏடிஎச்டியும் அடங்கும் என்பதையும், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் படித்து முடிக்கும் அளவுக்கு, குறைந்தது 8 நொடியாவது திரையில் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலிப்பதிவுக் கலைஞர்கள் சிலர்,
தருமபுரி.