மிருதங்கத்துக்கும் வெயில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மார்கழிக் கச்சேரிக் கட்டுரையைப் படித்தேன். 2017ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக அறிவித்ததைச் சொல்லி, இங்கே சங்கீதத்துக்குக் குறையே இல்லை என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். சபாக்கள், கேன்டீன்கள், கூட்டம் எல்லாம் சரி. மீதிப் பதினொரு மாதம் இந்த ஊரில் பாட்டு எங்கே குடியிருக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த இடங்கள்தான் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் மயிலாப்பூரில் நாற்பது வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் மிருதங்கம் வாசிப்பேன். கச்சேரி அளவுக்கு இல்லை, பஜனைக்குப் போதும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிருதங்கம் செய்பவர் ஒருவர் கொட்டகை போட்டிருந்தார். தோல் மூட்டு மாற்ற, அதை இழுத்துக் கட்டும் வார் பிடிக்க, நடுவில் கறுப்பாக இருக்கும் கரணை போட, எல்லாவற்றுக்கும் அவர்தான். தோலை ஊறவைத்துக் காயப்போட வெயில் விழுகிற இடம் வேண்டும். அது அவருக்குச் சந்திலேயே கிடைத்தது. வாடை வருகிறது என்று நாங்கள் முணுமுணுத்ததும் உண்டு, மறைப்பானேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் இடத்துக்காரர் பில்டரோடு சேர்ந்து அடுக்குமாடி கட்ட ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டின் விலை அப்படி. அந்த வெயில் விழுந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மிருதங்கக்காரர் தாம்பரத்துக்கும் அப்பால் போய்விட்டார். நாளைக்குக் கச்சேரி, இன்றைக்குக் கரணை விட்டுவிட்டது என்றால், வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும்.

அதே தெருவில் ஒரு வீணை டீச்சர். அவர் வீடும் ப்ளாட் ஆனது, இரண்டாவது மாடியில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. குடிபோன மூன்றாவது மாதம் அசோசியேஷனிலிருந்து காகிதம் வந்தது: வகுப்பு நடத்தக்கூடாது, லிஃப்ட் வாசலில் பிள்ளைகளின் செருப்பு கிடக்கிறது, சத்தம் வேறு. வீணை சத்தம் தொந்தரவு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை! அடுத்த அறையில் மின்விசிறி ஓடினாலே வீணை காதில் விழாது.

வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அந்த வீட்டில் அவர் வாசிக்க, பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் தேடிவந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. 1938ல் அவர் காலமானார். எங்கள் தெரு ப்ளாட் அசோசியேஷன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைகளுக்கும் ஒரு காகிதம் போயிருக்கும்.

மயிலாப்பூர்க்காரர்கள் நாங்கள் என்னவோ சங்கீதமே எங்கள் மாடவீதியில் பிறந்த மாதிரி பேசுவோம். மயிலாப்பூருக்கு முன்னால் எல்லாம் ஜார்ஜ் டவுனில்தான். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் சௌந்தர்ய மகாலிலும், அரண்மனைக்காரத் தெருவின் கோகலே ஹாலிலும் கச்சேரிகள் நடந்தன. இன்று அந்தப் பக்கம் போனால் மொத்த வியாபாரக் கடையும் கோடவுனும் தள்ளுவண்டியும்தான். அன்னி பெசன்ட் 1915ல் கட்டிய கோகலே ஹாலை இடிக்கத் தொடங்கி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வழக்கு போட ஆள் இருந்ததால் அதைப் பற்றிப் பேசவாவது செய்கிறோம்.

கோடம்பாக்கம் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் மால், ஜெமினி இருந்த இடத்தில் ஹோட்டல். பிரசாத் ஸ்டூடியோவில் முப்பது வருடத்துக்கு மேல் இசையமைத்த கூடத்துக்குள் ஒருநாள் போய்வர இளையராஜாவே 2020ல் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அவருக்கே அப்படி.

அப்புறம் கானா. மயிலாப்பூர் ஆசாமிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூவம் கரையிலிருந்து ஜனங்களை ஊர்க்கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிவிட்டபோது, சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடுகிறவர்களும் அந்த லாரியில்தான் போனார்கள். பாடுகிறவன் ஒரு பிளாக்கில், தாளம் போடுகிறவன் எங்கோ வேறு ஊரில். எந்தக் கட்டடம் போயிற்று என்று கேட்டால் காட்டுவதற்குக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆனது. வந்தவரை நல்லது. ஆனால் அது பார்ப்பது கட்டடத்தை. மிருதங்கக் கொட்டகையும் வீணை டீச்சரின் கூடமும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். மாநகராட்சிப் பள்ளிகளில் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற வகுப்பறைகளைக் குறைந்த வாடகைக்குப் பாட்டு வாத்தியார்களுக்குக் கொடுக்கலாம். கச்சேரி நடந்த கூடத்தை இடித்துக் கட்ட அனுமதி கேட்பவர், அதே அளவு கூடத்தைத் தரைத்தளத்தில் கட்டித் தர வேண்டும் என்று விதி போடலாம். ஐந்தாவது மாடியில் கட்டினால் கல்யாண ரிசப்ஷனுக்குத்தான் ஆகும், அதுவும் லிஃப்ட் ஓடினால். வாத்தியம் செய்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே வெயில் விழுகிற ஒரு திறந்த இடம் ஒதுக்கினால் பெரிய புண்ணியம்.

அடுத்த சீசன் மலருக்கு உங்கள் நிருபரை அனுப்பும்போது, கேன்டீனில் ஒரு தோசையைக் குறைத்துக்கொண்டு, டிசம்பர் முதல் வாரம் தாம்பரம் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். மடியில் மிருதங்கத்தோடு நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை