ரன்னும் ஓட்டமும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. திருக்கோவிலில் வெள்ளாமை வெட்டி, மழைக்கு முன்னமே நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று அறிந்து சந்தோசம். இங்கு எல்லாரும் சுகம். மூத்தவளுக்கு ஏறாவூருக்கு மாற்றம் கிடைத்துவிட்டது.

மகளின் ஓ.எல். இங்கிலீசுக்கு என்ன அகராதி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல் போட்ட சின்னப் புத்தகத்தை மட்டும் வாங்காதே. என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைத்தான் பாடமாக்குகிறார்கள். போன கிழமை ‘த ரைஸ் ரேன் அவுட்’ என்று கொடுத்தேன். நல்லாப் படிக்கிற ஒரு பிள்ளை ‘சோறு வெளியே ஓடியது’ என்று எழுதியிருந்தது. அரிசி முடிந்துபோனது என்றுதான் வரவேணும். பிள்ளையில் பிழையில்லை. ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே என்றுதானே படித்திருக்கிறது.

அந்த ‘ரன்’ லேசுப்பட்ட சொல்லா? ஒக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியில் வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். 1989இல் 20 தொகுதிகளாக வந்த பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430 அளவில். பிறகு திருத்தி எழுதும்போது ‘ரன்’ முந்திவிட்டது. அந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்த பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ரயில், எஞ்சின், கொம்பியூட்டர் என்று புதிதாக வந்ததெல்லாம் இந்தச் சொல்லில்தான் ஏறிக்கொண்டன.

பயப்பட வேண்டாம், பாதித் தூரம் நம்முடைய ‘ஓடு’ கூடவே வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, மில் ஓடுகிறது, தடிமன் வந்தால் மூக்கால் ஓடுகிறது. எல்லாம் அங்கும் ‘ரன்’தான். கிரிக்கெட்டுக்கும் நம்முடைய பேப்பர்கள் ஓட்டம் என்றே போடுகின்றன, ஒருவரும் ஓடாமல் பவுண்டரியில் வந்த நான்கையும் சேர்த்து. பிரியும் இடத்தில்தான் கவனம் வேணும். ‘கார் ஓடத் தெரியுமா’ என்று நாம் கேட்போம், அவர்களுக்கு அது ‘டிரைவ்’. ‘கடை ஓடுது’ என்றால் நமக்கு யாவாரம் நல்லம். அவர்கள் கடையை ‘ரன்’ பண்ணுவது என்றால் நடத்துவது மட்டும்தான், யாவாரம் படுத்துக் கிடந்தாலும் சரி. தேர்தல் வந்தால் அமெரிக்கன் ‘ரன்’ பண்ணுவான், இங்கிலாந்துக்காரன் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவான், நம்முடைய ஆட்கள் எலக்சன் கேட்பார்கள். இதைச் சொன்ன அன்று வாயே திறக்காத பிள்ளைகளும் கையை உயர்த்தி ஆளுக்கொரு உதாரணம் சொன்னார்கள். எனக்குப் பெரிய சந்தோசம்.

அதனால், ஒவ்வொரு பொருளுக்கும் முழு வசனம் போட்ட மாணவர் அகராதியாகப் பார்த்து வாங்கு. விலை கொஞ்சம் கூடத்தான். ஒரு நாளைக்கு ஒரு சொல், இரண்டே வசனம், வீட்டில் நடப்பதை வைத்தே எழுதட்டும். கல்முனையில் கிடைக்காவிட்டால் அறிவி, இங்கே டவுனில் பார்த்து மருமகளுக்கு நானே வாங்கி அனுப்புகிறேன்.

மறுகா, அக்காவின் கண் ஒப்பரேஷன் என்ன மாதிரி? அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லையே. உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் மச்சான்